வாய்ச்சொல் போதாது, எழுதிக் கேளுங்கள்!

(அலுவிகாரையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தில், நாம் கூடியிருக்கும் இவ்வூரில், ஒரு கற்குகை விகாரை இருக்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்கிறோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்தபோது, அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகத்தைப் பிக்குமார் இங்கேதான் ஓலையில் எழுதி வைத்தனர் என்பது மரபு. ஓதுவோர் மடிந்தால் ஓதியதும் உடன் மடியுமே என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆகவே எழுதினார்கள். எழுதியதனால் அது நிலைத்தது.

எழுத்தின் அருமையை உலகுக்குக் காட்டிய இந்த ஊரில், எழுத்தின் அருமை அறியாமையால் நம் மக்கள் இழக்கும் பணத்தைப் பற்றிப் பேசவே இன்று எழுந்து நிற்கிறேன்.

நான் பேசப் போவது கைத்தொலைபேசியைப் பற்றி. தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றி. இணையச் சந்தையில் படம் பார்த்து வாங்கிப் பத்து நாளில் பழுதாகிப் போகும் பொருள்களைப் பற்றி. "அரசியல் மேடையில் போன் கதை எதற்கு?" என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களுக்கு என் மறுமொழி இது: உழைப்பவனின் பணம் எந்த வழியாகக் களவு போனாலும் அது அரசியல்தான். கூலியைக் குறைத்து எடுப்பது ஒரு வழி; பெற்ற கூலியைப் பழுதான பொருளைக் காட்டிப் பறிப்பது மற்றொரு வழி.

ஒரு தாயின் கதையைக் கூறுகிறேன். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். 2023 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து, ஜனவரி 20 ஆம் தேதி, அந்த அம்மையார் இணையச் சந்தை ஒன்றின் வழியே தம் மகளுக்கு ஒரு கைத்தொலைபேசி வாங்கினார். விலை 42,000 ரூபாய். அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாய். நாற்பத்திரண்டு நாள் மலையேறிக் கொழுந்து பறித்து, அந்நாட்களில் உண்ணாமலும் உடுக்காமலும் இருந்தால் சேரும் பணம் அது. அந்தப் பெண் பிள்ளைக்கு அவ்வாண்டு மே மாதக் கடைசியில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. ஆசிரியர்கள் வினாத்தாள்களை வட்ஸ்அப்பில்தான் அனுப்பி வந்தார்கள்.

"ஓராண்டு உத்தரவாதம்" என்று அந்த விளம்பரம் கூறியது. ஐந்தாம் வாரத்தில் போன் நெருப்பாய்க் கொதித்தது, பின்னர் திரை இருண்டது, அதன்பின் எழவேயில்லை.

அம்மையார் விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தார். "அனுப்பி வையுங்கள் அக்கா, மூன்று நாளில் சரி செய்து தருகிறோம்" என்றார்கள். அனுப்பினார். மார்ச் மாதம் அழைத்தார். "உதிரிப்பாகம் வரவேண்டும்" என்றார்கள். ஏப்ரலில் அழைத்தார். "புத்தாண்டு முடியட்டும்" என்றார்கள். புத்தாண்டும் முடிந்தது. அப்போது, "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது; உத்தரவாதம் செல்லாது; 14,000 ரூபாய் கட்டினால் பழுது பார்க்கலாம்" என்றார்கள். மே மாதம் 5 ஆம் தேதி அந்தத் தாய் என் அலுவலகத்துக்கு வந்தார்.

பதினைந்து நாள் பிந்தி வந்தார்! ஏன் பிந்தி என்கிறேன்?

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 13 ஆவது பிரிவு ஏழைக்கும் எட்டக்கூடிய ஒரு வாசல். உற்பத்தியாளரோ வணிகரோ தந்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறைப்பாடு செய்யலாம். அந்த உத்தரவாதம் வெளிப்படையாகத் தந்ததாகவும் இருக்கலாம். உட்கிடையாக அமைந்ததாகவும் இருக்கலாம். சபை இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும். முறைப்பாடு மெய்யெனக் கண்டால், நட்டஈடு கொடு என்றோ, பொருளை மாற்றிக் கொடு என்றோ, பணத்தைத் திருப்பிக் கொடு என்றோ கட்டளையிடும். அக்கட்டளைக்குப் பணியாதவரிடமிருந்து, அத்தொகையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடலாம். வழக்குக் கட்டணம் வேண்டாம். என்னைப் போன்ற சட்டத்தரணியும் வேண்டாம்.

ஆனால் அந்த வாசலுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு. ஒன்று, முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். மற்றது, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது செய்யப்பட வேண்டும். பழுது கண்ட நாளிலிருந்து என்று சட்டம் கூறவில்லை. விற்ற நாளிலிருந்து என்றே கூறுகிறது!

இப்போது அந்த விற்பனையாளர் சொன்ன சமாதானங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். மூன்று நாள் என்றார், உதிரிப்பாகம் என்றார், புத்தாண்டு என்றார். ஏப்ரல் 20 ஆம் தேதி கழியும் வரையில் இனிமையாகப் பேசினார். கழிந்த பின்னரே தண்ணீர் கண்டார். அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, நான் தீர்ப்புக் கூற மாட்டேன். ஆயினும் ஒன்றை அறிந்து கொள்ளுங்கள்: உத்தரவாதச் சீட்டில் பன்னிரண்டு மாதம் என்று எழுதியிருக்கும், சட்டத்தின் கடிகாரமோ மூன்று மாதத்தில் நின்றுவிடும். இடையிலுள்ள ஒன்பது மாதமும் விற்பவரின் நல்ல மனத்தை நம்பி வாழும் மாதங்கள்.

நான் எழுதிய கடிதத்துக்கு விற்றவரிடமிருந்து மறுமொழி இல்லை. இணையச் சந்தை நடத்துவோரோ, "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே" என்று எழுதினார்கள். சிவில் நீதிமன்றத்தின் கதவு அடைபடவில்லை, உண்மை. ஆனால் கொழும்பு வியாபாரியின் மீது வழக்குத் தொடுத்துத் தவணைக்குத் தவணை அலையும் செலவு அந்தப் போனின் விலையை விழுங்கிவிடும். அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "இதை முன்னமே ஒருத்தரும் சொல்லவில்லையே, ஐயா" என்றார்.

தோழர்களே, அச்சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், மாதந்தோறும் அந்தத் தோட்டத்துக்குச் சென்று கூட்டத்தில் முழங்கியவன் நான். உலக அரசியல் பேசினேன், அரசியலமைப்புப் பேசினேன். மூன்று மாதக் கணக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று பேசுகிறேன்.

அதே ஆண்டில் உக்குவளையிலிருந்து முச்சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவர் வந்தார். அவர் வாங்கியது ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டி. மூன்றாம் நாளே திரையின் நடுவில் கோடு விழுந்தது. அவர் மூன்று காரியங்களைச் செய்திருந்தார். விளம்பரத்தைத் தம் போனில் படமாகப் பிடித்து வைத்திருந்தார். பொதி வந்தபோது, அதைப் பிரிப்பதையும் பெட்டியை முதன்முதலில் இயக்குவதையும் தம்பியைக் கொண்டு ஒளிப்பதிவு செய்திருந்தார். பழுதானதும் தொலைபேசியில் வாதாடாமல், எழுத்தில் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டாம் வாரத்தில் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதினோம். விசாரணைக்கு அழைப்புச் சென்றது. விசாரணை நாள் வருமுன்னரே புதிய பெட்டி அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கிற்று!

அந்தத் தாயைவிட இந்த இளைஞர் படித்தவர் அல்லர். அவருடைய நியாயம் அந்தத் தாயின் நியாயத்தைவிடப் பெரிதும் அன்று. இவர் எழுதினார், காலத்தில் எழுதினார். வேறுபாடு அவ்வளவே.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புதிய பாடமா? பகல் முழுதும் பறித்தாலும் செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை. அரைப்பேர் போட்டால் அரை நாள் உழைப்பு அழிந்தது. எழுத்தில் ஏறாத உழைப்பு இல்லாத உழைப்பாகிவிடும் என்பதை நம் பாட்டன்மார் முதுகு வளைந்து கற்றார்கள். எழுத்தில் ஏறாத முறைப்பாடும் அப்படியே.

ஆகவே, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்; இளைஞர்கள் குறித்துக் கொள்ளட்டும்.

வாங்குமுன், விற்பவரின் பெயரும் முகவரியும் எங்கே என்று பாருங்கள். முகவரி இல்லாதவரிடம் வாங்கிய பொருளுக்கு எவரிடம் நியாயம் கேட்பீர்கள்? உத்தரவாதம் தருபவர் உற்பத்தி நிறுவனத்தின் முகவரா, விற்பவர் தாமா என்று கேளுங்கள். பழைய பொருளுக்குச் சிலர் "செக்கிங் வாரண்டி" என்பார்கள். அது சில நாள் பார்த்துக் கொள் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியாயின், அதன் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று அறியலாம்.

வாங்கும்போது, பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வணிகரின் சட்டக் கடமை. பொதியை ஒளிப்பதிவு செய்து கொண்டே பிரியுங்கள். பெட்டியையும் உத்தரவாதச் சீட்டையும் அடுப்பெரிக்கப் பயன்படுத்தி விடாதீர்கள்!

பழுது கண்டால், அன்றே விற்பவருக்கு எழுதுங்கள். வட்ஸ்அப்பில் எழுதினாலும் அது எழுத்தே. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், ஒரு செய்தி மின்வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக அதனைச் செல்லாதென்று தள்ளலாகாது எனக் கூறுகிறது. அந்தப் பக்கத்தில் நீங்கள் விரலால் அழுத்தி வாங்கினீர்களே, அதுவும் ஒப்பந்தமே. குரல் அழைப்பு வந்தால், பேசி முடித்தவுடன், "இன்று நீங்கள் இவ்வாறு கூறினீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி விடுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பினால், அனுப்பிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பதினான்கு நாள் பொறுங்கள், அதற்குமேல் பொறாதீர்கள். இது சட்டம் இட்ட கெடுவன்று. அனுபவத்தில் நான் இடும் கெடு. அதன்பின் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்தில் தொலைபேசியிலும் கூறலாம். ஆனால் அதோடு நில்லாதீர்கள். சட்டம் கேட்பது எழுத்து. என்ன பொருள், எப்போது, எவரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன பழுது, விற்பவர் என்ன சொன்னார், உங்களுக்கு வேண்டிய பரிகாரம் யாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சீட்டுகளின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூலப்பிரதியை எவருக்கும் கொடாதீர்கள்.

"ஐயா, எனக்குச் சிங்களம் எழுத வராதே, ஆங்கிலமும் தெரியாதே" என்று ஒரு தாய் கேட்பது என் காதில் விழுகிறது. அம்மா, தமிழில் எழுதுங்கள்! 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலருடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு; மறுமொழியைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. மறுத்தால், 1991 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அந்த மறுப்பையே முறைப்பாடாக எழுதுங்கள்.

கடைக்காரர்கள் சொல்லும் சில வாசகங்களும் உண்டு. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று எழுதி வைப்பார்கள். பழுதான பொருளுக்குப் பரிகாரம் கட்டளையிட 13 ஆவது பிரிவு அதிகார சபைக்குத் தந்த அதிகாரத்தை ஓர் அட்டைப் பலகை அழித்துவிடாது. "நிறுவனத்திடம் போய்க் கேள்" என்பார்கள். சட்டம் உற்பத்தியாளரையும் வணிகரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. பணம் வாங்கியவர் கைகழுவ இயலாது. "தண்ணீர் பட்டது" என்றால், "அதனை ஆராய்ந்தவர் யார்? கண்டதை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். பொய்யானால், எழுதப் பேனா எடுக்கவே தயங்குவார்கள்.

நியாயத்தின் மறுபக்கத்தையும் கூறிவிடுகிறேன். விற்பவர் எல்லாரும் வஞ்சகர் அல்லர். நம் மாத்தளைப் பிள்ளைகளே பலர், சிறு முதலில், வீட்டின் முன்னறையில் இருந்து இவ்வியாபாரம் செய்கிறார்கள். போனைப் பீலிக்கரையில் நனைத்துவிட்டு, தானே பழுதாயிற்று என்று சாதிப்பது நமக்கு அழகன்று. பொய் முறைப்பாடு ஒன்று போனால், பின்னே வரும் பத்து மெய் முறைப்பாடுகளின் மீதும் சந்தேகம் விழும்.

இதுவரை, இருக்கும் சட்டத்தைக் கொண்டு நாம் செய்யக்கூடியதைக் கூறினேன். இனி, சட்டமே செய்ய வேண்டியதைக் கூறுகிறேன்.

பொருள் விற்பனை பற்றிய நமது கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டினது. 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. இங்கிலாந்து அப்பழைய சட்டத்தை மாற்றிவிட்டது. அங்கே 2015 ஆம் ஆண்டின் சட்டப்படி, பழுதான பொருளை முப்பது நாளுக்குள் மறுத்துப் பணத்தைப் பெறலாம். ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்ட பழுது, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிறுவுவது விற்பவர் பொறுப்பு. மூலத்தை எழுதியவர்கள் மாற்றிவிட்டார்கள். பிரதி எடுத்த நாம் பிரதியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்!

அண்டை நாடான இந்தியாவைப் பாருங்கள். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். விற்றவரின் ஊரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. 2020 ஆம் ஆண்டின் விதிகள், இணையச் சந்தை நடத்துவோர் குறைகேள் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கின்றன. அவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முறைப்பாட்டை ஏற்றதாக அறிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அமெரிக்காவிலே, அமேசான் சந்தையில் பிறிதொரு விற்பனையாளரின் மடிக்கணினி மின்கலத்தை வாங்கிய பெண்மணி ஒருவர், அது வெடித்துக் கடுந்தீக்காயம் அடைந்தார். "நாங்கள் விற்கவில்லை, இடம் கொடுத்தோம்" என்பது நிறுவனத்தின் வாதம். 2020 ஆம் ஆண்டில் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பொருளைத் தன் களஞ்சியத்தில் வைத்து, பணத்தைத் தானே பெற்று, தன் பெட்டியில் அடைத்து அனுப்பியவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. எந்த முதலாளித்துவ நாட்டின் பெயரைச் சொல்லி இங்குள்ளவர்கள் சந்தைச் சுதந்திரம் பேசுகிறார்களோ, அந்த நாட்டின் தீர்ப்பு இது!

நமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இணையச் சந்தை என்ற சொல்லே கிடையாது. அதை இயற்றியபோது அப்படியொரு சந்தை இந்நாட்டு மக்களின் கைக்குள் வந்திருக்கவில்லை. எனவே நாம் கேட்பவை ஐந்து. மூன்று மாதக் கெடு, விற்ற நாளிலிருந்து எண்ணப்படாமல், பழுது வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். உத்தரவாதம் உள்ளவரை முறைப்பாட்டுரிமையும் இருக்க வேண்டும். விற்பவரின் உண்மையான பெயரையும் முகவரியையும் தராத சந்தை, தானே விற்றதாகக் கொள்ளப்பட வேண்டும். உத்தரவாதச் சீட்டு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். விசாரணை வாங்கியவரின் மாவட்டத்தில் நடைபெற வேண்டும். மாத்தளைத் தாய் தன் நாட்சம்பளத்தை இழந்து கொழும்புக்குப் பஸ் ஏறலாகாது.

இவை சிங்களத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் முஸ்லிம் தொழிலாளிக்கும் ஒரே அளவில் வேண்டியவை. பழுதான போன் வாங்கியவனின் இனம் பார்த்து இருள்வதில்லை. ஆகவே இந்தக் கோரிக்கைப் பத்திரத்தில் மூவரின் கையெழுத்தும் விழ வேண்டும்.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கலாமா? காத்திருக்கலாகாது. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தெருவிலும், எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் முன்வாருங்கள். உங்கள் லயத்தில் எவராவது பழுதான பொருளோடு நின்றால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "வாங்கி எத்தனை நாள்?" பின்னர் ஒரு தாள் எடுத்து எழுதிக் கொடுங்கள். அதுவே இன்றைய தொண்டு.

அந்தத் தாயின் போன் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், "இங்கேயே இருக்கட்டும், ஐயா, அடுத்து வருபவர்களுக்குக் காட்டுங்கள்" என்றார். வருபவர்களுக்குக் காட்டுகிறேன். இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன். இனி இந்தக் கூட்டத்தில் இருந்த எவரும், முன்னமே ஒருவரும் சொல்லவில்லை என்று என்னிடம் வந்து கூற நேராதிருக்கட்டும்.

ஓலையில் எழுதி நிலைநிறுத்திய ஊர் இது. தாளில் எழுதி நம் உரிமையை நிலைநிறுத்துவோம்.